புது பேட் போட்ட பிறகு பிரேக் கத்தினால்

காரின் பழைய பிரேக் பேட் தேய்ந்துவிட்டது. ஷோரூம் விலை கட்டுப்படியாகாமல், சென்னை ஜி.பி. ரோட்டிலோ ஊர்க் கடையிலோ வேறு கம்பெனி பேட் ஒரு செட் வாங்கி மாட்டியாயிற்று. நான்காம் நாள் சிக்னலில், வண்டி நிற்கப்போகும் கடைசிப் பத்தடியில் ‘கீ...ச்’ என்று ஒரு சத்தம். பக்கத்து ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்க்கிறார். ‘டூப்ளிகேட் பேட், அதான் கத்துது’ என்று யாராவது சொன்னதும் அடுத்த செட் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். இல்லையென்றால் பேட் பிடிக்கும் டிஸ்க்கை, அதாவது சக்கரத்தோடு சுற்றும் இரும்பு வட்டை, லேத்தில் கொடுத்து ஒரு சுற்று சீவிக்கொண்டு வருவார்கள்.

இரண்டும் அவசரம். புது பேட் போட்ட பிறகு வரும் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் பேட்டைச் சுற்றித்தான் இருக்கும்: துடைக்காமல் விட்ட துரு, திரும்பப் போடாத ஷிம் (பேட்டின் முதுகில் வரும் மெல்லிய தகடு), பழைய கிளிப், கிரீஸ் காய்ந்துபோன காலிப்பர் பின் (pin), பழக்கப்படுத்தாமல் ஓட்டிய முதல் சில நூறு கிலோமீட்டர். இவற்றைச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள சாதாரண சிறு கார்களை வைத்தே இங்கே சொல்கிறோம். நம் சாலைகளில் அதிகம் ஓடுவது அந்த வகைதான்.

ஓட்டவே கூடாத சத்தம்

கீச்சுச் சத்தம் எரிச்சல் மூட்டும், ஆனால் பெரும்பாலும் ஆபத்தில்லை. பிரேக்கை மிதிக்கும்போது இரும்போடு இரும்பு அரைபடுவதுபோல் ‘கர்ர்ர்’ என்று கேட்டால் கதையே வேறு. பேட்டில் உரசும் பகுதியான லைனிங் முழுதாகத் தேய்ந்து, அதன் பின்னாலுள்ள இரும்புத் தகடு டிஸ்க்கைச் சுரண்டுகிறது, அல்லது லைனிங் தகட்டிலிருந்து பெயர்ந்துவிட்டது. பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலும், வண்டி ஒரு பக்கம் இழுத்தாலும், பிரேக் ஆயில் குறைந்திருந்தாலும், ஒரு சக்கரம் மட்டும் புகைந்தாலும் அப்படித்தான். அங்கேயே நிறுத்துங்கள். பட்டறை வரை மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

முதல் வேலை காதுக்கு

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் கால் மணி நேரம் கேட்க வேண்டும். ஒரு பக்கம் நீளமான மதில் சுவர் உள்ள, ஆள் நடமாட்டம் இல்லாத தெருவைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடியை இறக்கி, ஏ.சி., பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு சுவரை ஒட்டி 20 கி.மீ. வேகத்தில் போங்கள். சுவரில் மோதித் திரும்பும் சத்தம் அந்தப் பக்கச் சக்கரத்தினுடையது. திரும்பி வரும்போது மறுபக்கம் கேட்கும். பின்சீட்டில் ஒருவரை உட்கார வைத்தால் முன்னா பின்னா என்பதும் தெரிந்துவிடும்.

நிற்கும் நேரத்தில், பெடலை லேசாக அழுத்தும்போது மட்டும் வரும் மெல்லிய கீச்சு அதிர்வினால் வருவது. ஷிம், சூட்டில் கண்ணாடிபோல் மினுக்கு ஏறிய லைனிங், பழக்கப்படாத பேட் மூன்றும் அதன் வழக்கமான காரணங்கள். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

பிரேக் பிடிக்காமல் ஓடும்போது சக்கரம் சுற்றும் தாளத்தில் ‘கிச் கிச்’ என்று கேட்டு, பெடலைத் தொட்டதும் மாறினால் இரண்டு சந்தேகம். பேட்டில் ரிவெட் அடித்திருக்கும் சிறு வளைந்த தகடு, அதாவது தேய்மானக் காட்டி, டிஸ்க்கைத் தொடுகிறது. லைனிங் 2 முதல் 3 மி.மீ. வரை தேய்ந்ததும் உரசிச் சத்தம் எழுப்பவே அதை வைத்திருக்கிறார்கள். புது பேட்டிலேயே அது உரசினால் தகடு வளைந்திருக்கும், அல்லது பேட்டை இடம் மாற்றி மாட்டியிருப்பார்கள். இன்னொரு சந்தேகம், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தூசித் தகடு. வேலை செய்தவர் கை பட்டு வளைந்திருக்கலாம், தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு ஜல்லிக்கல் சிக்கியிருக்கலாம். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது இந்தச் சத்தம் கூடும்.

குழி மேட்டில் ‘லொட லொட’ என்று ஆடினால் ஒரு எளிய சோதனை: அதே சாலையில், அதே வேகத்தில், பெடலை மிக லேசாக அழுத்திக்கொண்டே போங்கள். சத்தம் நின்றால் கிளிப்போ பின்னோ தளர்ந்திருக்கிறது. நிற்கவில்லையென்றால் பிரேக்கை விட்டுவிட்டு ஸ்டெபிலைசர் லிங்க், பால் ஜாயின்ட் போன்ற சஸ்பென்ஷன் பாகங்கள் பக்கம் பாருங்கள். வேகத்தோடு கூடும் ‘ஊ...’ என்ற முழக்கம், வளைவில் ஒரு பக்கம் சாயும்போது மாறினால், அது வீல் பேரிங். இவற்றுக்குப் பேட் மாற்றிப் பணத்தை வீணாக்கியவர்கள் நிறைய.

சில சத்தங்களை அப்படியே விட்டுவிடலாம். மழை பெய்த மறுநாளோ, வண்டி கழுவிய பிறகோ, கடற்கரை ஊர்களில் இரவு வெளியே நின்ற பிறகோ டிஸ்க்கில் செம்மண் பூசியதுபோல் மெல்லிய துரு படியும். முதல் நாலைந்து பிரேக்கில் சுரண்டிக்கொண்டு போய்விடும். ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கை மெல்ல விடுகையில் வரும் முனகலும், ரிவர்ஸிலிருந்து முன்னால் எடுத்து முதல் பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு ‘டக்’கும் அந்த வகை. பேட் தன் இடத்தில் முன்னும் பின்னும் நகர்ந்து உட்காரும் சத்தம்தான் அந்த ‘டக்’. ஒவ்வொரு பிரேக்குக்கும் கேட்டால்தான் கவலை.

கீச்சு ஏன் வருகிறது

கரும்பலகையில் சாக்பீஸைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் கீச்சிடும். சாய்த்துப் பிடித்தால் கீச்சிடாது. பிரேக்கிலும் இதேதான். பேட் டிஸ்க்கை ஒரு கணம் பற்றுகிறது, அடுத்த கணம் வழுக்குகிறது, மறுபடி பற்றுகிறது. நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் இது நடக்கும்போது டிஸ்க் கோயில் மணி மாதிரி ஒலிக்கத் தொடங்கும். மெட்டீரியல் எதுவானாலும் இந்தப் பற்றலும் வழுக்கலும் இருக்கவே செய்யும். அது சத்தமாக வளராமல் தடுப்பவை பேட்டின் முதுகிலுள்ள ஷிம், ஓரத்தில் சாய்வாக வெட்டிய விளிம்பு, பேட்டின் இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளைப் பிடிக்கும் கிளிப், பேட்டுகளை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரைத் தடையில்லாமல் நகரவிடும் பின் ஆகியவை. கார் கம்பெனியே தரும் கம்பெனி பேட்டோடு இவை எல்லாம் அளவெடுத்து வரும். வெளிச்சந்தையில் வாங்கும் வெளி பேட்டில் ஒன்றோ இரண்டோ குறையும். குறைந்ததைக் கண்டுபிடித்து நிரப்ப வேண்டும்.

என்ன என்ன வேண்டும்

ஜாக்கி, அதோடு ஜாக்கி ஸ்டாண்ட் ஒரு ஜோடி. ஸ்டாண்டுக்குப் பதிலாக செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைப்பது உயிரோடு விளையாடுவது. எடை ஏறியதும் அவை சொல்லாமல் நொறுங்கும். பாக்ஸ் ஸ்பேனர் செட், 17 வரை மெல்லிய ஓப்பன் ஸ்பேனர்கள், டார்க் ரெஞ்ச், பித்தளைக் கம்பித் தூரிகை, தட்டையான சிறு அரம், 120 எண் உப்புத்தாள் இரண்டு, பெரிய சி கிளாம்ப், கட்டுக்கம்பி ஓரடி, பிரேக் கிளீனர் ஸ்பிரே 500 மி.லி. ஒன்று, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ் சிறு டியூப், ரப்பர் கையுறை, நல்ல முகக்கவசம்.

கிரீஸ் விஷயத்தில் சமரசம் வேண்டாம். வீட்டில் இருக்கும் மஞ்சள் சேஸிஸ் கிரீஸையோ என்ஜின் ஆயிலையோ பின்னில் தடவினால், அதிலுள்ள பெட்ரோலிய எண்ணெய் பிரேக் ரப்பரை ஊற வைத்து உப்பச் செய்யும். நாளடைவில் பின் இறுகி, ஒரு பேட் மட்டும் தேயத் தொடங்கும். அதே காரணத்துக்காக பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் ஊற்றிக் காலிப்பரைக் கழுவுவதும் கூடாது. பல பட்டறைகளில் இன்னும் அப்படித்தான் கழுவுகிறார்கள் என்பது வருத்தமான உண்மை.

கழற்றுதல்

சமதளமான கெட்டித் தரையில் நிறுத்தி, முன்சக்கரத்தில் வேலை செய்வதால் ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட்டுப் பிறகு தூக்குங்கள். ஸ்டாண்ட் வைத்து, வண்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்த பிறகே சக்கரத்தைக் கழற்றலாம். ஒரு பக்கத்தை முடித்துவிட்டே மறுபக்கத்தைப் பிரியுங்கள். சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பக்கம் முழுசாக இருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன் செல்போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தூசியை வாயால் ஊதவோ கம்ப்ரஸர் காற்றால் அடிக்கவோ வேண்டாம். பழைய, விலை மலிந்த லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. பிரேக் கிளீனர் அடித்து நனைத்து, கீழே தட்டு வைத்துப் பிடியுங்கள்.

காலிப்பரின் பின்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு போல்ட் இருக்கும். போல்ட்டைத் திருப்பும்போது உள்ளிருக்கும் பின்னும் சேர்ந்து சுற்றினால், பின்னின் தட்டைப் பகுதியை மெல்லிய ஓப்பன் ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் எடுத்ததும் காலிப்பர் கையோடு வரும். அதை ரப்பர் ஹோஸில் தொங்க விடாதீர்கள். உள்ளே ஹோஸ் கிழிந்தால் வெளியே தெரியாது. கட்டுக்கம்பியால் சுருள் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள்.

வெளியே எடுத்த பேட்டுகளை மட்டும் ஐந்து நிமிடம் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பாதிப் பதில் அங்கேயே எழுதியிருக்கும். முகம் கண்ணாடிபோல் மினுங்கினால் சூட்டில் மினுக்கு ஏறியிருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியருக்கு இறக்காமல், பிரேக்கிலேயே நின்று இறங்கினால் புது பேட்டும் ஒரே நாளில் இப்படி ஆகிவிடும். ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருந்தால் பேட் கிளிப்பில் சிக்கியிருக்கிறது. உட்புற பேட் தேய்ந்து வெளிப்புற பேட் அப்படியே இருந்தால் பின் இறுகியிருக்கிறது. மேல் ஓரத்தில் மட்டும் கறுப்புக் கோடு ஒன்று ஓடினால், பேட் டிஸ்க்கின் விளிம்பு மேட்டில் ஏறி உரசுகிறது. வெளி பேட்டின் உருவம் கம்பெனி பேட்டைவிட அரை மி.மீ. பெரிதாக இருந்தாலே இது நடக்கும்.

துருவும் கிளிப்பும்

பேட்டுகளைத் தாங்கும் பிராக்கெட்டையும் கழற்றிவிடுவது நல்லது. இரண்டு பெரிய போல்ட், இறுக்கமாக இருக்கும். பிராக்கெட்டில் பேட்டின் காதுகள் உட்காரும் நாலு இடத்திலும் மெல்லிய எஃகு கிளிப் இருக்கும். கிளிப்பை எடுத்ததும் அதன் அடியில் பாருங்கள், பக்குப் பக்காகத் துரு. இந்தத் துரு கிளிப்பை உள்ளே தள்ளி பேட்டின் காதை நெரிக்கிறது. புது பேட் போடும் பலர் கிளிப்பின் மேல்பக்கத்தைத் துடைத்துவிட்டு, அடியில் இருப்பதைப் பார்ப்பதே இல்லை. கம்பித் தூரிகையாலும் அரத்தாலும் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். இரும்பையே அரித்துவிடக் கூடாது.

புது கிளிப் கிடைத்தால் புதிதே போடுங்கள். இப்போது முக்கியமான சோதனை: வெறும் பேட்டை பிராக்கெட்டில் வைத்து ஒற்றை விரலால் தள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு நகர வேண்டும், ஆனால் தானாக ஆடக் கூடாது. சுத்தியலால் தட்டித்தான் உள்ளே போகிறதென்றால் அந்த பேட் பிரேக் விட்ட பிறகும் டிஸ்க்கை விடாது. சூடாகும், மினுக்கு ஏறும், கத்தும். வெளி பேட்டுகளில் காதின்மேல் பெயின்ட் தடிமனாக ஏறியிருப்பது சகஜம். அந்தப் பெயின்ட்டை மட்டும் அரத்தால் இரண்டு இழு இழுத்தால் பேட் சரியாக உட்கார்ந்துவிடும். பட்டறையில் தட்டி மாட்டியது, இங்கே இரண்டு இழுப்பில் முடிகிற வேலை.

பின்

பிராக்கெட்டிலிருந்து இரண்டு பின்னையும் உருவுங்கள். மேல் பின்னும் கீழ் பின்னும் பல கார்களில் ஒன்றல்ல. ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும். எது எங்கிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், மாற்றிப் போட்டால் காலிப்பர் லொடலொடக்கும் அல்லது இறுகும். பழைய கிரீஸைத் துணியால் துடைத்து, துளைக்குள்ளும் சுத்தம் செய்யுங்கள். பின்னில் துருக்குழி விழுந்திருந்தால், ரப்பர் பூட் கிழிந்திருந்தால் புதிது வாங்குங்கள், அதிகச் செலவில்லை. சிலிகான் கிரீஸை வெண்ணெய் தடவுவதுபோல் மெல்லிய பூச்சாகப் பூசினால் போதும். துளைக்குள் அடைத்து வைத்தால் பின் உள்ளே போகும்போது அழுத்தம் தங்கி வெளியே தள்ளும்.

பிஸ்டனைத் தள்ளுதல்

புது பேட் தடிமன் அதிகம், எனவே காலிப்பரில் பேட்டைத் தள்ளும் பிஸ்டன் உள்ளே போக வேண்டும். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். மேக்ஸ் கோட்டில் நின்றால் சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள், ஏனென்றால் பிஸ்டன் உள்ளே போகும்போது ஆயில் மேலே வரும். பெயின்ட்டில் சிந்தினால் பெயின்ட் போய்விடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பழைய பேட் ஒன்றைப் பிஸ்டன்மேல் வைத்து சி கிளாம்ப்பால் மெதுவாக அழுத்துங்கள். சீராகப் போக வேண்டும். திணறினாலோ பிஸ்டனைச் சுற்றி ஈரம் இருந்தாலோ காலிப்பருக்கே வேலை இருக்கிறது, அது அனுபவமுள்ள மெக்கானிக்குக்கு. பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள கார்களில் பின்சக்கரப் பிஸ்டனை இப்படி அழுத்தக் கூடாது. பலவற்றில் திருகித்தான் உள்ளே போகும். எலெக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் இருந்தால் ஸ்கேனர் வைத்து சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பேட்டுக்கு என்ன செய்வது

முதுகில் ஷிம் ஒட்டியே வந்திருந்தால் அதன்மேல் பழைய ஷிம்மை இன்னொரு அடுக்காகப் போட வேண்டாம், இடம் இறுகிவிடும். ஷிம்மே இல்லாத வெறும் இரும்பு முதுகு என்றால் பழைய பேட்டிலிருந்த ஷிம் நன்றாக இருக்கிறதா பாருங்கள். ரப்பர் பூச்சு உரியாமல், துருவாமல் இருந்தால் கிளீனரில் துடைத்து அதையே போடலாம். பிஸ்டன் வாயும் காலிப்பர் விரல்களும் தொடும் இடத்தில் மட்டும் சூடு தாங்கும் பிரேக் கிரீஸை நகம் அளவுக்கு எடுத்து மெல்லத் தடவுங்கள். காதுகளிலும் ஒரு தீற்று. லைனிங் முகத்தில் ஒரு துளி பட்டாலும் அந்த பேட் வீண்.

ஓரங்களைத் தொட்டுப் பாருங்கள். நல்ல பேட்டில் டிஸ்க் உள்ளே நுழையும் ஓரமும் வெளியேறும் ஓரமும் சாய்வாக வெட்டியிருக்கும். செங்கோணமாக, கத்தி மாதிரி கூர்மையாக இருந்தால் அதுவே கீச்சைத் தூண்டும். திறந்த வெளியில், முகக்கவசத்தோடு, லைனிங்கை லேசாக நனைத்துக்கொண்டு இரண்டு ஓரத்திலும் 2 அல்லது 3 மி.மீ. அகலத்துக்கு 45 டிகிரி சாய்வாக அரத்தால் இழுக்கலாம். நாலு பேட்டிலும் ஒரே அளவு. மாட்டுவதற்கு முன் நன்றாகக் காய விடுங்கள். மினுக்கு லேசாக ஏறியிருந்தால், சமமான கண்ணாடி அல்லது கல்மேல் உப்புத்தாளை விரித்து, பேட்டை எட்டுப் போடுவதுபோல் பத்துப் பதினைந்து தடவை தேய்த்தால் மங்கல் நிறம் திரும்பும். விரிசல் விட்டிருந்தாலோ ஓரம் உதிர்ந்திருந்தாலோ தேய்த்துப் பயனில்லை.

தேய்மானக் காட்டி உள்ள பேட் பல கார்களில் பிஸ்டன் பக்கம், அதாவது உட்புறம் போகும். படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அம்புக்குறி இருந்தால் சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையில் இருக்க வேண்டும்.

டிஸ்க்

அதன் நடுப்பகுதியிலோ ஓரத்திலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். காற்றோட்ட இடைவெளியுள்ள சிறு கார் டிஸ்க் பெரும்பாலும் 2 மி.மீ. வரைதான் தேயலாம். வெர்னியரால் அளந்தால் தேயாத விளிம்பு மேட்டையும் சேர்த்துக் காட்டும். மைக்ரோமீட்டரால், விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே, எட்டு இடத்தில் அளவெடுங்கள். அளவுக்குள் இருந்து, ஆழமான வரிப்பள்ளமும் இல்லையென்றால் லேத் தேவையே இல்லை. 120 உப்புத்தாளால் இரண்டு முகத்தையும் வட்ட வட்டமாகத் தேய்த்து, பழைய பேட் விட்டுப்போன பூச்சை எடுத்துவிடுங்கள். ஒரு கம்பெனி பேட்டின் பூச்சுமேல் இன்னொரு மெட்டீரியல் உரசுவது கீச்சுக்குப் பெரிய காரணம். லேத்தில் சீவினால் அந்தப் பூச்சோடு டிஸ்க்கின் ஆயுளும் போகிறது.

‘ஷ்... ஷ்...’ என்று தாளத்தோடு உரசி, பெடலும் துடித்தால் மட்டும் டிஸ்க்கைக் கழற்றி, அது உட்காரும் ஹப்பின் முகத்தைப் பாருங்கள். அங்கே ஒரு துருப் பொட்டு இருந்தாலே விளிம்பில் டிஸ்க் ஆடும். பல கார்களில் அனுமதி 0.05 முதல் 0.10 மி.மீ.தான், டயல் கேஜ் வைத்தால் தெரிந்துவிடும். புது டிஸ்க் என்றால் துருப் பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெயைக் கிளீனரால் முழுதாகக் கழுவிவிட்டே மாட்ட வேண்டும்.

மூடுதல்

பிராக்கெட் போல்ட் சிறு கார்களில் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் அளவிலும், பின் போல்ட் 25 முதல் 35 அளவிலும் இருக்கும். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் சொல்வதுதான் கணக்கு. பின் போல்ட் சிறியது, ஆவேசமாக இறுக்கினால் மரை போய்விடும். தூசித் தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே விரலை வளைத்து இடைவெளி சுற்றிலும் இருக்கிறதா பாருங்கள், டிஸ்க்கைக் கையால் முழுச்சுற்று சுற்றிக் கேளுங்கள். சக்கர நட்டுகளை எதிரெதிராக, இரண்டு தவணையில் இறுக்குங்கள்.

சாவி போடுவதற்கு முன் பெடலை மெதுவாக மிதியுங்கள். முதல் சில மிதிக்குப் பெடல் தரைவரை போகும், ஏனென்றால் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு நிற்கிறது. கெட்டியாகும்வரை மிதித்துவிட்டே வண்டியை நகர்த்த வேண்டும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்துச் சுவரில் மோதியவர்கள் உண்டு. பிறகு ஆயில் அளவைப் பாருங்கள். மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 எதுவோ அதையே, புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து ஊற்றுங்கள்.

பழக்கப்படுத்துதல்

இதைச் செய்யாததால் கத்தும் நல்ல பேட்டுகள்தான் அதிகம். புது பேட்டின் மெட்டீரியல் மெல்லிய படலமாக டிஸ்க்கில் சீராகப் படிந்தால்தான் பேட்டும் டிஸ்க்கும் ஒட்டி வேலை செய்யும். காலை வேளையில், பின்னால் வண்டி இல்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்துக்குப் போய், மிதமான அழுத்தத்தில் 10 கி.மீ. வரை குறையுங்கள். முழுதாக நிறுத்தக் கூடாது. சூடான பேட்டை டிஸ்க்மேல் வைத்து அழுத்திக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் மட்டும் திட்டாகப் படியும், பிறகு பெடல் துடிக்கும். அரைக் கிலோமீட்டர் காற்றில் ஓடவிட்டு மறுபடி. இப்படிப் பத்து முதல் பன்னிரண்டு முறை. லேசான கருகல் வாசனை வந்தால் பயப்பட வேண்டாம்; புகை வந்தால் நிறுத்தி ஆற விடுங்கள். முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆற்றுங்கள். அடுத்த 300 கி.மீ.க்கு அவசர பிரேக்கைத் தவிர்க்கப் பாருங்கள்.

சத்தம் பின்னாலிருந்து வந்தால்

டிரம்முக்குள் தூசி வெளியேற வழியில்லை, அதனால் பின்சத்தத்தில் பாதி வெறும் தூசிதான். முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு டிரம்மை இழுங்கள். வராவிட்டால் அதன் முகத்தில் இரண்டு மரைத்துளை இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட் அதில் பொருந்தும். இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்கினால் டிரம் தானே கழன்று வரும். சில சிறு கார்களில் டிரம்மோடு பேரிங்கும் சேர்ந்திருக்கும், நடு நட்டைக் கழற்ற வேண்டும். அந்த நட்டைப் பெரிய டார்க்கில் இறுக்க வேண்டியிருப்பதால் அதைப் பட்டறைக்கு விடுங்கள்.

உள்ளே கிளீனரால் கழுவிய பிறகு, டிரம்மின் உட்புறத்தை அழுத்திப் பிரேக் பிடிக்கும் ஷூக்களின் விளிம்பு, பின்னாலுள்ள தகட்டில் உரசும் மேடுகளைத் தேடுங்கள். பொதுவாக ஒரு ஷூவுக்கு மூன்று. தேய்ந்து பளபளக்கும். அங்கே கிரீஸ் காய்ந்ததுதான் ‘கிறீச் கிறீச்’ என்ற பின்பிரேக் சத்தத்துக்கு முக்கியக் காரணம். ஷூவைக் கொஞ்சம் இழுத்து, ஒவ்வொரு மேட்டிலும் சூடு தாங்கும் கிரீஸை ஒரு பொட்டு வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் ஈரம் வழிந்தால் சிலிண்டர் மாற்ற வேண்டும். ஆயில் குடித்த ஷூவைக் கழுவிப் பயன்படுத்த முடியாது, இரண்டு பக்கமும் புதிது போட வேண்டும். முன் ஷூவுக்கும் பின் ஷூவுக்கும் லைனிங் நீளம் வேறுபடலாம், இடம் மாறாமல் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கத்தினால்

அப்போதுதான் மெட்டீரியல்மேல் பழி போடலாம். செமி மெட்டாலிக் பேட் சூட்டைத் தாங்கும், ஆனால் இரும்புத்தூள் அதிகம் இருப்பதால் நகர ஓட்டத்தில் சத்தம் போடும் குணம் அதற்கு உண்டு. மலைச்சாலையும் பாரமும் இல்லாத குடும்ப வண்டிக்கு ஆர்கானிக் அல்லது செராமிக் வகை அமைதியானது. கடையில் பேட்டின் ஓரத்தில் அச்சடித்த எழுத்துகளைப் படியுங்கள். வரிசையின் கடைசியில் இரண்டு எழுத்து இருந்தால், முதலாவது சாதாரணச் சூட்டில் பிடிப்பு, இரண்டாவது அதிகச் சூட்டில். ‘இ’ (E) என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35, ‘எஃப்’ (F) 0.35 முதல் 0.45, ‘ஜி’ (G) 0.45 முதல் 0.55. சாதாரண காருக்கு ‘எஃப் எஃப்’ நல்ல தேர்வு. ‘இ இ’ வேண்டாம். ‘எஃப் இ’ என்றிருந்தால் சூட்டில் பிடிப்பு குறையும் என்று பொருள். சத்தத்தைப் பற்றி இந்த எழுத்துகள் எதுவும் சொல்லாது, அதற்கு டப்பாவைத் திறந்துதான் பார்க்க வேண்டும்: ஷிம் இருக்கிறதா, ஓரம் சாய்ந்திருக்கிறதா, நடுவில் பள்ளக்கோடு ஓடுகிறதா, புது கிளிப் வைத்திருக்கிறார்களா.

வெளி பேட் என்றாலே மட்டம் என்று நினைக்கத் தேவையில்லை. கார் கம்பெனிகளுக்கே பிரேக் பாகங்கள் கொடுக்கும் பிரேக்ஸ் இந்தியா சென்னைப் பாடியில் இருக்கிறது, ரானே குழுமத்தின் பிரேக் லைனிங் ஆலை அம்பத்தூரில் இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் தங்கள் பெயரிலேயே வெளிச்சந்தையிலும் விற்கிறார்கள். பில் போட்டுத் தரும் கடையில், பேட்ச் எண் அச்சடித்த டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். பழைய பேட் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் புதியதன்மேல் வைத்து, காதும் வளைவும் ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

மாட்டிய பிறகு 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். ஆயிரம் கி.மீ. ஓடியதும் சக்கர ஆரங்களின் இடைவெளி வழியே டார்ச் அடித்து, உட்புற பேட்டும் வெளிப்புற பேட்டும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால், கத்தாவிட்டாலும், பின்னை மறுபடி உருவிப் பார்க்க வேண்டும்.